கம்பெனியில் என் பெயர் இல்லை

தொண்ணூறுகளின் நடுவில், யாங்கூன் நகரின் கியாக்டடா பகுதியில் ஒரு மூன்றாம் மாடி அறையில், நானும் ஒரு பர்மியப் பெண்ணும் கூட்டாக விளம்பரப் படக் கடை நடத்தினோம். சோப்பு உறை, பிஸ்கட் டப்பா, தியேட்டரில் இடைவேளையில் காட்டும் சிலைடு, எல்லாம் வரைவது நான். ஆர்டர் பிடிப்பது அவர். என்னைவிட இளையவர். என்னை ‘அகோ’, அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு சோப்புத் தொழிற்சாலை தன் வேலை முழுவதையும் எங்களுக்கே தர முன்வந்தது. ஆனால் கூட்டுக்கடையோடு ஒப்பந்தம் போடமாட்டார்களாம். மாத முடிவுக்குள் கம்பெனியாகப் பதிந்துகொண்டு வரச் சொன்னார்கள்.

வக்கீல் எங்கள் அடையாள அட்டைகளைக் கேட்டார். என் கூட்டாளியுடையது இளஞ்சிவப்பு, பிறவிக் குடிமக்களுக்கானது. என்னுடையது பச்சை. நான் பிறந்தது இந்த ஊரில்தான். ஆனால் அப்பா தமிழ்நாட்டுக் கடற்கரையிலிருந்து வந்தவர் என்பதால், அரசாங்கக் கணக்கில் நான் பிறகு சேர்த்துக்கொள்ளப்பட்டவன்.

வக்கீல் என் அட்டையை மட்டும் திருப்பித் தந்தார். “இந்தப் பேரோட போனா ஃபைல் நகராது. வேற ஆளைச் சேர்த்துக்குங்க.”

என் மனைவியின் அம்மா பர்மியர். அதனால் மனைவியிடம் இளஞ்சிவப்பு அட்டை இருந்தது. “பங்காளியா நான் நிக்கிறேன்,” என்றாள். “ஆனா படிக்காம கையெழுத்துப் போடமாட்டேன்.”

வக்கீல் அறையில் உட்கார்ந்து நிதானமாகப் படித்தாள். ஒரு வரியில் விரல் நின்றது.

“இதுவரைக்கும் இவரு வரைஞ்சது எல்லாம் கம்பெனிக்கே சொந்தம்னு இருக்கே?”

“கடையைக் கம்பெனியா மாத்தினா அப்படித்தாம்மா,” என்றார் வக்கீல்.

மனைவி என் கூட்டாளியின் பக்கம் திரும்பினாள். “என் பங்கு என் பேருல இருக்கு, சரி. நாளைக்கு இவரு வெளியே போகவேண்டி வந்தா, இவரு கையில என்ன இருக்கும்?”

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்து அந்த வரியைப் படித்தார். எனக்கு இவள் வாயை மூடிக்கொண்டால் போதும் என்றிருந்தது. மாதம் முடிய இரண்டொரு நாள்தான் பாக்கி.

“ஐயா, அந்த வரியை மாத்துங்க,” என்று அவர் வக்கீலிடம் கடைசியில் சொன்னார். “அகோ போனா, அவர் வரைஞ்சது அவரோட போகட்டும்.” பிறகு என் மனைவியிடம், “நான் ஏமாத்துவேன்னு நெனச்சீங்களா?”

“நெனக்கல. கேட்டேன்.”

பதிவு கிடைத்தது, ஒப்பந்தமும் வந்தது. கணக்கில் நான் கம்பெனியின் சம்பளக்காரன் ஆனேன். அவர்கள் இருவரும் சகஜமாகப் பேசிக்கொள்ள வெகுநாள் ஆயிற்று.

தொழிற்சாலை அதிகாரி முதன்முறை வந்தபோது டைரக்டர்கள் யார் என்று கேட்டார். இரு பெண்களும் அவரெதிரே உட்கார்ந்தார்கள். நான் நின்றபடி படங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். “உங்க ஆளு நல்லா வரையறாரு,” என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை எனக்குக் கை ஓடவில்லை. மறுநாள் ஓடியது. சம்பளக்காரன் எத்தனை நாள் சும்மா உட்கார்ந்திருக்க முடியும்?