தராசக்கா வெளியே போன நாள்

பிள்ளை பெற்ற வீடுகளுக்கு எடை பார்க்கப் போகிற நர்ஸ் அவள். தோள்பையில் ஒரு கொக்கித் தராசு, குழந்தையைக் கிடத்தித் தூக்க ஒரு துணித் தூளி, கொஞ்சம் தாள்கள். அதனால் பெயரே தராசக்கா என்று ஆகிவிட்டது. "தராசக்கா வர்றாங்க, பிள்ளைக்கு இன்னும் ரெண்டு வாய் பால் குடு" என்று யாராவது மாடிப்படியில் குரல் கொடுப்பார்கள். "என்கிட்டயேவா இந்த வேலை?" என்றபடி அவள் படியேறுவாள். எடை ஏறாத பிள்ளையைத் தேற்றிவிடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

பெற்றவளுக்கும் ஒரு தாள் உண்டு. பத்துக் கேள்வி. தூக்கம் வருகிறதா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா என்று தொடங்கி, செத்துப்போகலாம் என்று தோன்றியதா என்பதில் முடியும். தனியாக வைத்துக் கேட்க வேண்டும் என்று தாளின் தலையிலேயே அச்சடித்திருக்கும். ஆனால் ஒரு மாமியாரை அவர் வீட்டிலேயே வெளியே போகச் சொல்ல யாருக்கு வாய் வரும்? தராசக்கா எல்லோர் முன்னாலும் கேட்பாள், தூளியை மடித்துக்கொண்டே.

நான்கு வருடங்களுக்கு முன் அப்படித்தான் ஒரு வீட்டில் கேட்டாள். பிள்ளை நன்றாகத் தேறியிருந்தது. "நல்லா இருக்கேன்க்கா" என்றாள் அந்தப் பெண், பத்துக்கும். மடியிலிருந்த பிள்ளைத்துணியை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "இவளுக்கென்ன குறை?" என்றார் பக்கத்திலிருந்த மாமியார். அதிலிருந்து ஆறாம் நாள், பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு அந்தப் பெண் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள்.

ஆபீசில் யாரும் தராசக்காவைக் குறை சொல்லவில்லை. தாளில் எல்லாம் சரியாக இருந்தது, அவளுடைய அழகான கையெழுத்திலேயே. அதுதான் தராசக்காவை வதைத்தது.

அதன்பிறகு அவள் யாரிடமும் முகதாட்சண்யம் பார்க்கவில்லை. கணவன்மார்களைக் கடைக்கு அனுப்பினாள். மாமியார்களை ஒரு மாடி கீழே அனுப்பினாள், காது எட்டாத தூரத்துக்கு. திமிர் பிடித்தவள் என்று மூன்று புகார்கள் போயின. போகட்டும் என்றாள். சாத்திய கதவுக்குப் பின்னால் எத்தனையோ பேர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

இந்த வருடம் அவள் மகனுக்கே பிள்ளை பிறந்தது. ஒரு மாதம் லீவு போட்டு, மருமகளை உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டாள். தராசு சும்மா இருக்குமா? காலையில் எழுந்ததும் எடை, சுவர்க் காலண்டரில் அன்றைய கணக்கு.

மூன்றாம் வாரம் வேறு ஒரு நர்ஸ் வந்தாள், வயதில் இளையவள். எடை பார்த்து முடித்துத் தாளை எடுத்தவள், கதவைப் பார்த்தாள், தராசக்காவைப் பார்த்தாள், தயங்கினாள்.

"நமக்குள்ள என்னம்மா, நீ கேளு" என்று தராசக்கா கட்டிலிலேயே சட்டமாக உட்கார்ந்துகொண்டாள். மாமியார் என்பவர்கள் எல்லாம் அடுத்த வீட்டில் இருப்பவர்கள் என்று அவளுக்கு நினைப்பு.

"தூக்கம் வருதா?"

"வருது."

"மனசு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கேன்."

மருமகளின் கைகள் பிள்ளைத்துணியை நாலாக மடித்தன. பிரித்தன. மறுபடி மடித்தன.

தராசக்கா எழுந்துவிட்டாள்.

"முதல்லேருந்து கேளும்மா. நான் வெளியே இருக்கேன்."

"அத்தை, நீங்க இருங்க. ஒண்ணுமில்ல." மருமகளின் குரலில் இருந்தது பயம். அந்தப் பயம் யாரைப் பார்த்து என்று தராசக்காவுக்குப் புரிந்தபோது கூசிப்போனாள்.

கதவைச் சாத்திக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். உள்ளே மருமகளின் அழுகை. அதற்கு நடுவே இது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"தினமும் எடை போடுறாங்க. கொஞ்சம் குறைஞ்சாலும் என் மூஞ்சியத்தான் பாக்குறாங்க. நான் எப்படி இருக்கேன்னு இதுவரைக்கும் ஒரு தடவகூட கேக்கல."

இருபத்தொரு நாளையும் நினைத்துப் பார்த்தாள். உண்மைதான், கேட்கவே இல்லை.

கைப்பிடியைப் பற்றிக்கொண்டு எழுந்து, காது எட்டாத தூரத்துக்கு, ஒரு மாடி கீழே இறங்கிப் போனாள். உள்ளே இன்னும் பத்தாவது கேள்வி வந்திருக்காது.