அத்தையின் கைப்பையில் மருந்துப் போத்தல்

அப்பாவின் அக்கா நாவலப்பிட்டியிலிருந்து அம்பிட்டியவில் எங்கள் வீட்டுக்கு வந்த நாள் முதலே அவர் மேல் எனக்கு ஒரு கண். தம்பி பிறந்து சில மாதங்கள்தான். அம்மாவுக்குத் துணையாக வந்த அத்தை, வந்ததும் வராததுமாக என் பிஸ்கட் டின்னை அலுமாரியின் உச்சியில் ஏற்றிவிட்டார். அப்படிப்பட்டவரை எப்படி நம்புவது?

தடுப்பூசி போட்டு வந்த தம்பிக்குக் காய்ச்சல். அவன் அழுத அழுகையில் அம்மா உறங்கவேயில்லை. மறுநாள் முற்பகல் நான் விளையாடிவிட்டு உள்ளே வந்தபோது, என் காய்ச்சல் மருந்துப் போத்தலையும் ஒரு சாப்பாட்டுக் கரண்டியையும் அத்தை தன் கைப்பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பையின் வாயை இழுத்து மூடினார். திருடுகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவிடம் ஏதோ குசுகுசுத்தார். வெளியே வந்த அம்மாவின் முகம் வெளிறியிருந்தது.

“திரீவீலர் வந்துருச்சு. ஏறு, ஆஸ்பத்திரிக்குப் போறோம்,” என்றார் அத்தை.

“தம்பிக்கு என்ன அத்தை?”

“ஒன்னுமில்ல. வாயத் தொறக்காம வா.”

வாயைத்தானே சொன்னார், காதைத் திறந்து வைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் அத்தை போத்தலையும் கரண்டியையும் டாக்டரம்மாவின் மேசையில் வைத்துச் சிங்களத்தில் பேசினார். பள்ளிக்கூடத்தில் நான் கற்ற சிங்களம் அதற்குப் போதும். பெரிய பிள்ளையின் மருந்தை, இந்தக் கரண்டியால், கொஞ்ச நேரத்துக்குள் இரண்டு தரம் கொடுத்துவிட்டேன் என்றார். கொடுத்தது நான்தான் என்று அழுத்திச் சொன்னார். அம்மா பக்கத்தில் தலை குனிந்து நின்றாள்.

தம்பியை அங்கேயே வைத்துக்கொண்டு இரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா ஊசியில்லாத சிரிஞ்ச் ஒன்றைக் காட்டி, குழந்தையின் எடைக்கு இந்தக் கோடு வரைதான், கன்னத்துக்குள் மெதுவாக விட வேண்டும், கொடுத்த நேரத்தைக் குறித்து வைக்க வேண்டும், சமையலறைக் கரண்டியைத் தொடவே கூடாது என்றார். அத்தை ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். நல்லவர் மாதிரி நடிக்கிறார் என்று நினைத்தேன்.

அப்பா வந்ததும் கேட்டதையெல்லாம் ஒப்பித்தேன்.

“பச்சப்புள்ளையக் கொல்லப் பாத்தியா?” வார்டு வாசலில் அப்பா கத்தினார்.

“தப்புதான்டா,” என்றார் அத்தை.

இரத்தத்தில் பயப்பட ஒன்றுமில்லை என்று தம்பியை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்பா அதன்பிறகு தன் அக்காவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்பா காலமான பிறகு ஒருநாள், என் மகளுக்கு நான் மருந்தை அளந்துகொண்டிருந்தபோது அம்மா சொன்னாள்:

“அன்னைக்குக் குடுத்தது நான்தான். தூக்கக் கலக்கம், குடுத்ததே ஞாபகமில்லாம திரும்பக் குடுத்துட்டேன். தெரிஞ்சிருந்தா ஒங்கப்பா என்னப் புள்ளையத் தொட விட்டிருக்க மாட்டாரு. அவரோட கோவம் ஒங்க அத்தைக்குத் தெரியும்.”

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அத்தை ஊருக்குத் திரும்பிய அன்று, கண்டி பஸ் நிலையத்தில் அம்மா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடாமல் அழுதாள். பஸ் புறப்படும்வரை விடவில்லை. இவ்வளவு பெரிய குற்றத்தையும் மன்னித்துவிட்டாளே, என் அம்மாவுக்கு எத்தனை பெரிய மனசு என்று நான் பெருமையோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.