தேவஇரக்கத்தின் வலது கை

இராஜபாளையம் பஞ்சு மில்லுக்குள் வேலை தெரியாமலே எடுக்கப்பட்ட ஆள் தேவஇரக்கம் ஒருவன்தான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் பிங்பாங். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் சேவகரின் மகன். அங்கே வேதக்கோவில் வாலிபர் சங்கத்தில் ஒரு மேஜை கிடந்தது. அதில் ஆடி ஆடி, இருபது வயதுக்குள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவனை ஜெயிக்க ஆளில்லை என்றாகிவிட்டது. மில்லுக்கு மில் போட்டி நடந்த காலம். எங்கள் மானேஜர் அவனைப் பதிலியாக உள்ளே இழுத்துக்கொண்டார்.

பதிலி என்றால், வராத ஆளின் இடத்தில் அன்றைக்கு நிற்பவன். காலையில் கேட்டில் போய் நிற்க வேண்டும். மேஸ்திரி விரல் நீட்டினால் வேலை, இல்லையென்றால் வந்த வழியே வீடு. போட்டி வரும் மாதங்களில் மேஸ்திரியின் விரல் தேவஇரக்கத்தைத் தேடி வரும். போட்டி முடிந்துவிட்டால் அதே மேஸ்திரிக்குக் கண் தெரியாது. ஆற்றைக் கடக்கும் வரைக்கும்தானே அண்ணன் தம்பி.

நானும் பதிலிதான். பெயர் பால்ச்சாமி. சங்கு ஊதிய பிறகு சாப்பாட்டுக் கொட்டகையில் அவனோடு பழகி ஆட என்னைத்தான் நிறுத்துவார்கள். அவன் ஓங்கி அடிக்கவே மாட்டான். நாம் தப்புச் செய்யும் வரைக்கும் பந்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டே இருப்பான். எரிச்சல் தாங்காமல் நான் மட்டையை வீசி எறிந்ததுண்டு. அவன் போய் எடுத்து வந்து, தூசி தட்டிக் கொடுப்பான்.

நாற்பத்து மூன்றாம் வருஷம் மானேஜர் அவனைக் கூப்பிட்டுச் சொன்னார்: “மதுரையில ஜெயிச்சிட்டு வா. உன்னப் பெர்மனன்ட் ஆக்கிருதேன்.” கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு இருந்தவன். இனிமேல் கேட்டில் நிற்க வேண்டாம் என்று அவன் மனைவி பரிபூரணம் அன்றைக்கே ஜெபம் பண்ணிவிட்டாள்.

யுத்த காலத்தில் பந்து எங்கே கிடைக்கும்? அவரவர் பந்தை அவரவரே கொண்டுவர வேண்டும் என்று மதுரைக்காரர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தேவஇரக்கத்திடம் இருந்தவை நாலைந்து பழைய பந்துகள். எல்லாம் நசுங்கியவை. நசுங்கின பந்தை வெந்நீரில் போட்டால் பழையபடி உருண்டுவிடும். அதை மனைவியிடம் சொல்லிவிட்டு அவன் மில்லுக்குப் போனான்.

பரிபூரணம் சொன்னபடியே செய்தாள். பந்துகள் உருண்டுவிட்டன. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் ஐப்பசி அடைமழை. அந்த மாதத்தில் எங்கள் ஊரில் உப்பு, தீப்பெட்டி, பிள்ளைத் துணி எல்லாமே அடுப்போரம்தான் காயும். பந்துகளையும் துடைத்து, சுளகில் பரப்பி அங்கேயே வைத்துவிட்டாள். அந்தப் பந்து வெடிமருந்து மாதிரிப் பற்றும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

சாயங்காலம் மில்லிலிருந்து நனைந்து வந்து அவன் வாசலில் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது அடுப்பிலிருந்து ஒரு பொறி தெறித்தது. சுளகு குப்பென்று எரிந்தது. அவன் ஓடிப்போய், ஒரு பந்தாவது மிஞ்சட்டும் என்று வலது கையை நெருப்புக்குள் விட்டான்.

ஒன்றும் மிஞ்சவில்லை. ஆஸ்பத்திரியில் முழங்கை வரைக்கும் கட்டுப் போட்டார்கள். பரிபூரணம் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். “அழாத ஏட்டி. நான்லா சொல்லியிருக்கணும்” என்றான். அதற்கு அவள் இன்னும் அழுதாள்.

மதுரைக்கு என்னை அனுப்பினார்கள். பந்து இல்லாமல் வந்துவிட்டோம் என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அங்கே ஒருவர் சிரித்தார். “அதுக்கென்னப்பா, எங்ககிட்ட ஒரு டப்பா புதுசா இருக்கு.” அந்த டப்பாவைப் பற்றி இன்றுவரை தேவஇரக்கத்திடம் நான் சொல்லவில்லை.

ஜெயித்தேன். என் திறமை ஒன்றுமில்லை. எதிரே ஆடியவருக்கு வயதாகிவிட்டது, பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். மானேஜரும் வாக்குத் தவறவில்லை, ஜெயித்தவனைப் பெர்மனன்ட் ஆக்கினார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வேலையை வாங்கிக்கொள்ளலாமா என்று தேவஇரக்கத்திடமே போய்க் கேட்டேன். “வாங்கிக்கோலே. நீ வேண்டாம்னா வேற எவனாச்சும் வாங்கத்தான் போறான்” என்றான்.

அவன் புண் ஆறியது, விரல்கள் நிமிரவில்லை. இடது கையால் ஆடிப் பார்த்தான். மூன்றாம் பந்துக்கே மட்டையை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். அறுந்த நூலை முடிச்சுப் போட விரல் வேண்டும், அதனால் அந்தப் பக்கம் அவனைச் சேர்க்க மாட்டார்கள். பஞ்சுக் கட்டு உருட்ட விரல் வேண்டாம், தோள் போதும். அது என் வேலை. நான் மேஸ்திரியின் காலில் விழாத குறையாகக் கேட்டதில், நான் வராத நாளில் அந்த இடம் அவனுக்கு என்று ஆயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவில் விட்டு வந்த பரிபூரணம் கடைத்தெருவில் என்னைப் பார்த்து நின்றாள். இடுப்பில் பிள்ளை.

“அண்ணாச்சி, அவிய வாயத் தொறந்து கேக்க மாட்டாவ. நாளைக்கு ஒரு நாள் நீங்க வேலைக்குப் போகாம இருக்க முடியுமா?”

“சரி தாயி” என்றேன்.

மறுநாள் உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு வீட்டில் கிடந்தேன். சங்கு ஊதியது. எங்கள் பக்கத்தில் யாரும் ஜெயிக்க முடியாதிருந்த ஆட்டக்காரன் அந்நேரம் எனக்குப் பதிலாகப் பஞ்சுக் கட்டு உருட்டிக்கொண்டிருந்தான். பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு அழுதேன்.