‘பாத்துக்கலாம்’ ஏசுபாதம்

பானெட்டைத் தூக்கியதும் ஏசுபாதம் அண்ணன் உடனே கையை வைக்கமாட்டார். ஸ்பேனரை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, எஞ்சின் சொல்வதைக் கேட்பார். மாமல்லபுரத்துக் கல் ரதங்கள் இத்தனை நூறு வருஷமாக ஓர் அடிகூட நகராமல் நிற்பதற்கு ஒரே காரணம், பல்லவ ராஜா இவரைக் கூப்பிடாமல் விட்டதுதான். கூப்பிட்டிருந்தால் பக்கத்தில் நிற்கிற கல் யானையையும் சேர்த்து ஸ்டார்ட் பண்ணிக் கொடுத்திருப்பார்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையில் அவருடைய ஷெட். ஒட்டினாற்போல அம்மாவும் நானும் போடுகிற சிக்கன் பக்கோடா வண்டி. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கலைப் பாதியில் விட்டவன் நான். அதனால் காரைப் பற்றிப் பாதி தெரியும். மீதியை அவர் போல்ட்டுகளைத் திட்டுவதிலிருந்து தெரிந்துகொள்கிறேன்.

காருக்கு அடியில் படுக்க அவர் விரிப்பது ஒரு பழைய ஃப்ளெக்ஸ் பேனர். யாரோ ஒரு பாப்பாவின் காதணி விழா. தாய்மாமன்கள் வரிசையாகக் கைகூப்பி நிற்க, அவர்கள் மேல் மல்லாந்து படுத்து ஆயில் வடிப்பார். எழும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு “கர்த்தாவே” என்பார். சீட்டுப் பணம் வந்ததும் காரை மேலே தூக்கிப் பிடிக்கிற லிஃப்ட் ஒன்று வாங்கிவிடுவதாகத் தன் மனைவி ஜெபா அக்காவுக்கும் அந்த இடுப்புக்கும் வாக்குக் கொடுத்திருந்தார். சீட்டு இந்த மாசம் விழுந்தது.

வண்டிக்கு ரிப்பேர் முடிந்த பிறகுதான் இவருக்கு ரிப்பேர் ஆரம்பம். வண்டி வளைவைத் தாண்டும்வரை சாலையில் நிற்பார். சாயங்காலம் வண்டிக்காரருக்குப் போன் போடுவார். “அண்ணாத்த, வண்டி இன்னா சொல்லுது?” நன்றாக ஓடுகிறது என்றால் நம்பமாட்டார். “முன்னாடி டயராண்ட எதனா முனகல் கீதா? இல்லியா? நல்லா கேட்டியா?” ஒரு வண்டியை இன்னொரு வண்டி கயிறு கட்டி இழுத்து வந்தால், அது ஷெட்டைத் தாண்டிப் போகிறவரை வாயிலிருக்கிற பக்கோடாவை மெல்லாமல் நிற்பார். ஒரு தடவை அவர் போனில் ரிங்டோனை ஆம்புலன்ஸ் சத்தமாக மாற்றி வைத்தேன். அது அடித்தபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்து நானே பிடுங்கிப் பழையபடி மாற்றினேன். அன்றைக்கு அவர் பொட்டலத்தில் நாலைந்து துண்டு கை தவறிக் கூடுதலாக விழுந்துவிட்டது.

இத்தனை பயத்துக்கும் அவரிடம் இருக்கிற ஒரே மருந்து ‘பாத்துக்கலாம்’. எங்கள் பக்கத்தில் இந்த வார்த்தைக்கு இரண்டு வேலை. கஸ்டமர் சொன்னால், ‘இப்போது வேண்டாம்’. மெக்கானிக் சொன்னால், ‘ஏதாவது ஆனால் நான் பொறுப்பு’. சொல்லும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கும். வண்டி நின்றால்தான் வித்தியாசம் தெரியும்.

போன வாரம் நின்றது. வெங்கடேசன் அண்ணனின் டாக்சியை ஒரு லோடு ஆட்டோ இழுத்துக்கொண்டு வந்தது. தாண்டிப் போகவில்லை.

டைமிங் பெல்ட்டை இவர்தான் சமீபத்தில் மாற்றிக் கொடுத்திருந்தார். பெல்ட் புதுசு. அதை இழுத்துப் பிடிக்கிற சின்னச் சக்கரம், டென்ஷனர், பழசு. பூஞ்சேரி கூட்ரோட்டில் சவாரியோடு போகும்போது சக்கரம் உடைந்து, பெல்ட் நழுவி, எஞ்சினுக்குள்ளே வால்வுகள் வளைந்துவிட்டன. காருக்கு ஒரு டென்ஷனர்தான். ஏசுபாதம் அண்ணனுக்கு உடம்பெல்லாம் அதுதான்.

“டென்ஷனரும் மாத்தணும்னு சொன்னேனே வெங்கடேசா.”

“சொன்ன. இல்லேங்கல. அப்பால பாத்துக்கலாம்னு சொன்னது யாரு?”

“நீதான் சொல்லிருப்ப.”

“சொல்லிருப்பனா? அப்போ உனுக்கே தெர்ல. திருப்போரூர் முருகன் கோயிலுக்குப் போய்ட்டு நேரா இங்கதான வந்து வண்டிய வுட்டேன்? நீ பாத்துக்கலாம்ன. நீ பாத்துக்குவேன்னு நம்பி எட்த்துகினு போனேன்.”

வெங்கடேசன் அண்ணன் கத்தவில்லை. உடைந்த சக்கரத்தைத் தரையில் வைத்துப் படம் பிடித்தார். மாமல்லபுரம் ஸ்டாண்டு டிரைவர்களின் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தார். கட்டை விரல் அப்படியே மேலே நின்றது.

“இன்னும் அனுப்பல. வண்டிக்கு டியூ கட்டணும் நைனா. இது படுத்துச்சுன்னா நானும் படுத்துடுவேன். இன்னா பண்ணப் போற, சொல்லு.”

படம் அந்தக் குரூப்பில் விழுந்தால் ஷெட்டுக்கு ஒரு வண்டியும் வராது. தன் செலவில் எஞ்சினைப் பிரித்துச் சேர்த்தால் சீட்டுப் பணம் முழுக்க அதற்குள்ளே போய்விடும். லிஃப்ட்டை மறந்துவிட வேண்டியதுதான். ஏசுபாதம் அண்ணன் ஒரு நட்டை ஆள்காட்டி விரலில் மாட்டித் திருகிக்கொண்டே இருந்தார். போல்ட்டில் ஏறுகிற மாதிரி விரலிலும் ஏறிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

எனக்குப் பொறுக்கவில்லை. ஜல்லிக் கரண்டியோடு உள்ளே போனேன்.

“வெங்கடேசண்ணே, நீதான் சொன்ன. நான் இங்கதான் பக்கோடா போட்டுகினு இருந்தேன். ‘பழசே ஓடட்டும், அப்பால பாத்துக்கலாம்’ன. நெத்தி நெறய விபூதி வெச்சிகினு நின்னியே, நெனப்பு இல்லியா?”

விபூதி நான் சேர்த்தது. மொட்டையாகச் சொன்னால் யார் நம்புவார்கள்?

வெங்கடேசன் அண்ணன் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். முகத்தில் இருந்த கோபம் மெல்ல இறங்கி, அந்த இடத்துக்குக் கவலை வந்து உட்கார்ந்தது. “சொன்னாலும் சொல்லிருப்பேன்,” என்றார். போனைச் சட்டைப்பையில் போட்டார். “மச்சினன் கைல கேட்டுப் பாக்கறேன். அவனே பேஜார்ல கீறான்.” சாலைப் பக்கம் நடந்தார்.

காரியம் முடிந்தது என்று நான் ஏசுபாதம் அண்ணனைப் பார்த்தேன். அவர் நட்டைக் கழற்றிக் கீழே வைத்தார்.

“வெங்கடேசா, இங்க வா.”

அவர் திரும்பினார்.

“யாரு சொன்னதுன்னு எனக்கு நெஜமா நெனப்பில்ல. நீயும் சொல்லிருப்ப, நானும் சொல்லிருப்பேன். ஆனா பழச உள்ள வெச்சி மூடுனது என் கையி. எஞ்சின நான் எறக்கறேன். செலவு என்னுது.”

“இவன் கேட்டேன்றானே?”

ஏசுபாதம் அண்ணன் என் பக்கம் வந்தார். என் கரண்டியைப் பார்த்தார், பிறகு என்னை.

“டேய் ஹேமந்து.”

“இன்னாண்ணே.”

“அன்னிக்கி கிருத்திக. வெங்கடேசன் நெத்தில விபூதி இருந்திருக்கும், சர்தான். கிருத்திகயில சிக்கன் போடக்கூடாதுன்னு உங்கம்மா வண்டிய மூடி வெச்சிருந்தாங்களே, நீ எங்கடா பக்கோடா போட்டுகினு இருந்த? நான் வெறும் பன்னு தின்னுட்டுக் கெடந்தேன்டா அன்னிக்கி.”

நான் கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவர் விரலெல்லாம் கிரீஸ். அதனால் கையை மடக்கி, மணிக்கட்டால் என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.