சந்தனம் வைத்த இடம்

அண்ணனுக்குக் காய்ச்சலால் ஒரு டயாலிசிஸ் தவறிப்போயிருந்தது. அடுத்ததற்கு அவனை ஏற்றிப் போகையில்தான் என் மின்சாரக் கார் வண்ணார்பேட்டையில் நின்றது. பேட்டரி வெப்பம் மைனஸ் நாற்பது, ஓட முடியாது என்றது திரை. வெளியே தார் உருகும் வெயில். பின்சீட்டில் அண்ணன் வீங்கிய காலோடு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். ஆட்டோவில் ஏறும் தெம்பு அவனுக்கு இல்லை.

பக்கத்துப் பட்டறை மெக்கானிக் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, திருநவேலியில பனியா பெய்யுது?"

பேனட்டைத் திறந்து சென்சார் பிளக்கைப் பைய அசைத்தார். திரையில் மைனஸ் நாற்பது போய் வெறும் முப்பத்தொன்பது வந்தது. கையை எடுத்ததும் பழையபடி மைனஸ். சென்சாரில் கோளாறில்லை. பிளக்கைக் கழற்றினால் உள்ளே இறங்கிக் காய்ந்த சந்தனம், பச்சை பூத்த கம்பி.

"இங்கன யாரு வே சந்தனம் வச்சது?"

நான்தான். போன ஆயுதபூஜைக்குக் கண்ணில் பட்டதற்கெல்லாம் குழைத்து அப்பியிருந்தேன். வீட்டில் அலமாரி நிறைய அறிவியல் புத்தகம் வேறு.

சுரண்டித் துடைத்து மாட்டியதும் கார் கிளம்பியது. ஆஸ்பத்திரி வாசலில் அண்ணனை இறக்கினேன். சக்கர நாற்காலியில் உட்கார்ந்த பிறகு என் கையைப் பிடித்தான்.

"ஏலே, சீக்கிரம் எனக்கும் சந்தனம் வைப்பே. அதையாவது நெத்தியில வை."