நண்டு கழற்றுகிறவளுக்குத் தெரிந்த கடல்

கூட்டம் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நான் போயிருக்கமாட்டேன். வவுனியாவில் என்னோடு ஒன்பது வருடம் ஒரே கந்தோரில், நிவாரணப் படிவம் நிரப்பும் அலுவலகத்தில், வேலை செய்து இப்போது மன்னார்ப் பக்கம் மாற்றலாகிப் போயிருக்கிற புஷ்பத்துக்கு அது நன்றாகத் தெரியும். அதனால் அவள், "பூநாரை வந்து நிக்குது, சனிக்கிழமை வெளிக்கிட்டு வா" என்று மட்டும் தொலைபேசியில் சொன்னாள். சண்டை முடிந்து ஆறாவது வருடம், மாசி மாதம், கையில் மூன்று நாள் லீவு. மனுசர் கூப்பிட்டால் பத்துத் தரம் யோசிப்பேன், பறவை கூப்பிட்டால் யோசிப்பதில்லை. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வவுனியா பஸ் நிலையத்தில் காலை 7.10 பஸ். மன்னார் நகரம் வரை ஏறக்குறைய எண்பது கிலோமீற்றர், டிக்கட் 125 ரூபா, போய்ச் சேர 9.35. தனியாகப் பயணம் செய்யும் பெண்கள் பலர் இதை வாசிப்பதால் சொல்கிறேன்: சாரதிக்குப் பின்னால் இருக்கிற முதல் இரண்டு வரிசையில் இருங்கள். பின் சீற்றில் இருந்தால் செட்டிகுளம் தாண்டுவதற்குள் முதுகெலும்பு கழன்றுவிடும். மடுச் சந்தியில் ஏறிய ஒரு அம்மா என் மடியில் கேட்காமலே தன் கோழிக்கூடையை வைத்தார். மன்னார் வரை அந்தக் கோழியும் நானும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே வந்தோம்.

மன்னார்த் தீவுக்குப் போகும் பாலத்தில் பஸ் ஏறியதும் கோபமெல்லாம் போய்விட்டது. இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத் தண்ணீர், தூரத்தில் பூநாரைக் கூட்டம். யாரோ ரோசாநிறப் பஞ்சை உதறிக் காயப்போட்ட மாதிரி இருந்தது. இன்னும் கிட்டப் பார்க்க ஆசையென்றால் வங்காலைப் பக்கம் போங்கள். நகரத்திலிருந்து ஓட்டோவுக்குப் போய்வர புஷ்பமும் நானும் 900 ரூபா கொடுத்தோம். பேரம் பேசினால் 800க்கும் வருவார்கள், எனக்கு வெயிலில் பேரம் பேசத் தெம்பில்லை.

அன்று பின்னேரம் கீரிக் கடற்கரை. நகரத்திலிருந்து நாலு கிலோமீற்றர் இருக்கும். அங்கே காற்று வாங்கிக்கொண்டு கடலை கொறிக்கும்போதுதான் புஷ்பம் மெல்ல விசயத்தை அவிழ்த்தாள். நாளை விடத்தல்தீவில் பெண்கள் சங்கக் கூட்டமாம். மாதத்தில் ஒரு ஞாயிறு கூடுவார்களாம், ஆளாளுக்குத் தாங்கள் நிமிர்ந்து வந்த கதையைச் சொல்வார்களாம். "நீயும் ரெண்டு வார்த்தை பேசவேணும்" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கந்தோரில் இப்படி எத்தனை கூட்டம் பார்த்திருப்பேன். கொழும்பிலிருந்து ஒருவர் வருவார், ஒரு பெண்ணை எழுப்பி அவள் பட்டதெல்லாம் சொல்லவைப்பார், அவள் அழுவாள், எல்லாரும் கைதட்டுவார்கள், பிறகு தேநீரோடு பற்றிஸ் பலகாரம் கொடுப்பார்கள். "பற்றிஸ் இல்லை" என்றாள் புஷ்பம். "நண்டுக்கறியும் புட்டும்." சரி, அந்த ஒரு காரணத்துக்காக ஒத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை 8.20க்கு மன்னாரிலிருந்து யாழ்ப்பாணம் போகிற பஸ். விடத்தல்தீவுக்கு இருபத்தைந்து கிலோமீற்றர் அளவில், 50 ரூபா, நாற்பது நிமிடம். புதுத் தார் வீதி, பஸ் வழுக்கிக்கொண்டு போனது. சந்தியில் இறங்கி இறங்குதுறைப் பக்கம் நடந்தோம். சேற்றில் வேரூன்றி நிற்கும் கண்டல் மரங்களுக்கு நடுவே ஒரு ஒடுங்கிய வாய்க்கால், அதன் வழியாகத்தான் படகுகள் கடலுக்குப் போய் வருகின்றன. ஞாயிற்றுக்கிழமை யாரும் தொழிலுக்குப் போகமாட்டார்கள் என்பதால் எல்லாப் படகும் கரையில் கட்டிக் கிடந்தன. ஒவ்வொரு படகுக்கும் கட்டிவைக்க ஒரு கம்பு, ஒரு இடம். அந்த இடம் மீனவர் சங்க அங்கத்தவருக்கு மட்டும்தான்.

பெண்கள் கூடியது தேவாலயத்துக்குப் பின்னால் தென்னோலை வேய்ந்த ஒரு கிடுகுக் கொட்டிலில். பதினைந்து இருபது பேர். எனக்குக் கதிரை கொண்டுவந்து வைத்தார்கள், அவர்கள் பாயில் இருந்தார்கள். நான் கதிரையைத் தள்ளிவிட்டுப் பாயிலேயே இருந்தேன், முழங்கால் நோவு இருந்தும்.

உண்மையைச் சொல்கிறேன், நான் நினைத்த மாதிரி இல்லை. கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கிற வயல் கிராமத்திலிருந்து வந்த ஒரு அக்கா, அண்ணன்மார் சிரிக்கச் சிரிக்க லான்ட்மாஸ்ரர் என்ற கை உழவு இயந்திரம் ஓட்டப் பழகி, இப்போது அதே அண்ணன்மாரின் வயலைக் கூலிக்கு உழுகிறார். "உழவுக்கூலி முன்கூட்டியே தரவேணும், எனக்கு அண்ணையும் ஒண்டுதான், ஊராரும் ஒண்டுதான்" என்றார். தொண்ணூறில் குடும்பத்தோடு ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்திலிருந்து திரும்பி வந்த ஒரு முஸ்லிம் தங்கச்சி, பிரதான வீதியில் இடியப்பக் கடை போட்டிருக்கிறாள். முதல் மாதம் ஆமிக்காரர் தவிர ஒருத்தரும் வரவில்லையாம். "இப்ப விடிய ஏழு மணிக்குப் பிறகு வந்தா இடியப்பம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். நான் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

யசிந்தா என்றொருத்தி மட்டும் பேசவில்லை. நாற்பதுக்குக் கிட்ட வயது, மெலிந்த ஆள், விரல்களெல்லாம் நண்டு கடித்த வெட்டு. அவளுடைய கதையைப் பக்கத்தில் இருந்த மச்சாள்தான் சொன்னாள், புருசனுடைய தங்கச்சி.

தமிழ்நாட்டில் அகதி முகாமில் இருக்கும்போதே யசிந்தாவின் புருசன் நோய் வந்து செத்துப்போனார். சண்டை முடிந்து அடுத்த வருடம் இரண்டு பெண்பிள்ளைகளோடு ஊருக்குத் திரும்பினாள். அன்றிலிருந்து வலையில் நண்டு கழற்றுகிற வேலை. படகுகள் காலையில் வந்ததும் வலையைக் கரையில் கொட்டுவார்கள். சிக்குப்பட்ட நண்டை ஒரு கால் முறியாமல் எடுப்பது பெண்களுடைய வேலை. நல்ல நண்டு சம்மாட்டியாருக்கு, அதாவது படகுக்காரருக்கு. கால் முறிந்தது கழற்றுகிறவளுக்கு, கறிக்கு.

போன வருடம் அவளும் மச்சாளும் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசில் ஒரு பழைய படகும் எஞ்சினும் வாங்கினார்கள். முதல் நாள் இரண்டு பேருமாகக் கடலுக்குப் போய், வலை இழுத்து, கரைக்கு வந்து, நண்டைக் கழற்றினார்கள். யசிந்தா நல்ல நண்டையெல்லாம் கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டுபோய், வழமைபோல அந்தோனிச் சம்மாட்டியாரின் கொட்டிலில் வைத்துவிட்டு, கால் முறிந்த நாலு நண்டோடு வீட்டுக்கு நடந்துவிட்டாளாம்.

"வீட்டுப் படலை வாசல் வரைக்கும் போனவள் அக்கா. நான் பின்னால கத்திக்கொண்டு ஓடினனான், 'மச்சாள், அது எங்கட நண்டு' எண்டு" என்று மச்சாள் சொல்ல, கொட்டிலே குலுங்கிச் சிரித்தது. யசிந்தாவும் முகத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

சாப்பிடும்போதுதான் புஷ்பம் மிச்சத்தைச் சொன்னாள். மீனவர் சங்கத்தில் பெண் யாரும் அங்கத்தவர் இல்லை. அங்கத்தவர் இல்லாவிட்டால் வாய்க்காலில் படகு கட்ட இடமில்லை, எஞ்சினுக்கு மலிவு மண்ணெண்ணெய் வாங்கும் அட்டையும் இல்லை. யசிந்தாவின் படகு ஒன்றரைக் கிலோமீற்றருக்கு அப்பால் சேற்றுக்கரையில் நிற்கிறது. எஞ்சினை அங்கே விட்டால் களவு போகும் என்பதால் அதைத் தடியில் கட்டி, அவளும் மச்சாளும் ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்து, முழங்காலளவு சேற்றில் நடக்கவேண்டும். கிழமையில் இரண்டு நாளுக்கு மேல் உடம்பு தாங்காது. மற்ற நாட்களில் பழையபடி ஊராரின் வலையில் நண்டு கழற்றுகிறாள். சங்கத்தில் இரண்டு தரம் விண்ணப்பித்து இரண்டு தரமும் இல்லையென்று சொல்லிவிட்டார்கள். இன்று பின்னேரம் மூன்றரைக்கு மூன்றாவது தரம். இதுவும் சரிவராவிட்டால் திங்கட்கிழமை பேசாலையிலிருந்து ஒருவர் வந்து படகை வாங்கிக்கொண்டு போவார், பேச்சு முடிந்துவிட்டது.

எனக்கு மூன்று மணி பஸ். போகவில்லை. நண்டுக்கறியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினேன் என்றால் என்னைத் தெரிந்தவர்களுக்கு விளங்கும்.

மீனவர் சங்கக் கட்டடம் இறங்குதுறைக்குப் பக்கத்தில். ஆண்கள் உள்ளே நீள வாங்கிலில் உட்கார்ந்திருக்க, நாங்கள் வெளியே விறாந்தையில். தலைவர் அறுபது வயது மனுசர், மரியாதையானவர். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

"பிள்ளை, உன்னில எங்களுக்கு ஒரு கோவமும் இல்லை" என்றார். "ஆனா கடல் தெரியாத ஆள் வலை விட்டா, மற்றவன்ர வலைக்கு மேலதான் விடும். பிறகு ரெண்டு வலையும் அறும், ரெண்டு வீடும் சண்டை பிடிக்கும். அதுதான் எங்களுக்குப் பயம்."

யசிந்தா எழும்பி நின்றாள். விறாந்தையிலிருந்து வாசலுக்கு வந்தாள். தலைவர் அடுத்த கடதாசியை எடுக்கக் கையை நீட்டினார்.

"அந்தோனிச் சம்மாட்டியார்" என்றாள் யசிந்தா, முன் வாங்கிலில் இருந்தவரைப் பார்த்து. "போன கிழமை முழுக்க உங்கட வலையில கறுத்தச் சேறு. சாதாழைப் புல் ஒரு துண்டும் இல்லை. நீங்கள் வாய்க்கால் வாய்க்கு வடக்கால, கண்டலோட ஒட்டித்தான் விட்டிருக்கிறீங்கள். வியாழக்கிழமை மட்டும் இடம் மாறினீங்கள், அண்டைக்கு வெள்ளை மணல் வந்தது."

அந்தோனிச் சம்மாட்டியார் இடுப்புச் சாரத்தை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து இருந்தார்.

"சூசையண்ணை, உங்கட நண்டின்ர முதுகில சின்னச் சின்னச் சிப்பி ஒட்டியிருக்கும். அது கல்லுக்குள்ள கிடக்கிற நண்டு. நீங்கள் மேற்கால கடலுக்கடியில இருக்கிற கல்லுக்குப் போறனீங்கள். ஒருத்தருக்கும் தெரியாமப் போறனீங்கள்."

சூசைக்குப் பக்கத்தில் இருந்தது அவருடைய சொந்தத் தம்பி. அவர் அண்ணனைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "தங்கச்சி, போதும், காணும், இரு" என்றார் சூசை. வாங்கில்களில் சிரிப்பு தொடங்கிவிட்டது. ஆனால் அடுத்தது தன் பெயரோ என்று ஒவ்வொருவரும் நெளிந்ததையும் கண்டேன்.

யசிந்தா சிரிக்கவில்லை. "அஞ்சு வருசமா உங்கள் எல்லாற்ற வலையும் என்ர கையாலதான் போகுது. ஆர் எங்க விடுறனீங்கள் எண்டு எனக்குத் தெரியும். படகு வாங்கி ஒரு வருசம். ஒராளின்ர வலைக்கு மேல என்ர வலை விழுந்ததோ? உங்கட இடத்தை நான் ஒருத்தருக்கும் சொன்னதும் இல்லை. கடல் தெரியாதவள் எண்டு சொன்னபடியாத்தான் இண்டைக்குச் சொல்லுறன். மிச்சமும் சொல்லவோ, ஐயா?"

"வேண்டாம் பிள்ளை" என்றார் தலைவர். "சம்மதமான ஆக்கள் கையைத் தூக்குங்கோ."

முதலில் உயர்ந்த கை சூசையுடையது. பயத்திலா மனதாரவா என்று கேட்காதீர்கள், கை கைதான். அடுத்தது அந்தோனிச் சம்மாட்டியார். பிறகு அங்கும் இங்குமாக எழும்பி, பாதிக்கு மேல் கைகள். உயர்த்தாமல் இருந்தவர்களும் இருந்தார்கள், அதையும் எழுதத்தான் வேண்டும். தலைவர் அவளுடைய பெயரைப் புத்தகத்தில் எழுதி, வாய்க்காலில் கடைசிக் கம்புக்குப் பக்கத்து இடத்தைக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் யசிந்தா வேப்பமரத்தடியில் குந்திவிட்டாள். மச்சாள் அழுதாள், புஷ்பம் அழுதாள், கூட்டம் பிடிக்காத நானும் அழுதேன். பேசாலைக்காரருக்கு யசிந்தா அங்கிருந்தே போன் எடுத்தாள். "அண்ணை, படகு விக்கேல்லை" என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

தேத்தண்ணி குடித்துச் சற்றுத் தெளிந்த பிறகு, இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று யசிந்தாவைக் கேட்டேன்.

"முதல் ரெண்டு தரமும் என்ர கஷ்டத்தைச் சொன்னனான் அக்கா. முகாம், அவர் செத்தது, பிள்ளையள். எல்லாரும் பாவம் எண்டிச்சினம். பாவம் எண்டு சொல்லி வீட்டுக்கு அனுப்பிச்சினம். எனக்குத் தெரிஞ்சதை ஒருக்காலும் சொன்னதில்லை. ஆரும் கேட்டதுமில்லை."

நானும் கேட்டதில்லை. இருபது வருடமாக என் மேசைக்கு முன்னால் வந்து நின்ற பெண்களிடம், படிவத்தில் இருக்கிறபடி, என்ன இழந்தீர்கள் என்றுதான் கேட்டிருக்கிறேன். அவர்களில் எத்தனை பேருக்கு என்னென்ன தெரிந்திருக்குமோ. இதை எனக்குக் காட்டிய யசிந்தாவுக்கும், விசயத்தை மறைத்துக் கூட்டிக்கொண்டு போன புஷ்பத்துக்கும், பஸ்ஸைத் தவறவிட்ட எனக்குப் அன்றிரவு பாயும் தலையணையும் தந்த மச்சாளின் வீட்டுக்கும் என் நன்றி. வாயால் சொன்னால் போதாது என்றுதான் எழுதுகிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: மாசி, பங்குனியில் போங்கள், பிறகு வெயில் தோலை உரிக்கும். மன்னார் நகரத்தில் இரண்டு பேர் தங்கும் அறை 1500 ரூபாவுக்குக் கிடைத்தது, மின்விசிறி உண்டு, கொசுவலையைக் கேட்டு வாங்கவேண்டும். விடத்தல்தீவில் தங்க விடுதி இல்லை, பின்னேர பஸ்ஸை நம்பாமல் மத்தியானமே திரும்புங்கள். இறங்குதுறைக்குப் பழைய செருப்போடு போங்கள், புதியதைச் சேறு விழுங்கும். இடியப்பக் கடைக்கு ஏழு மணிக்கு முன். ஞாயிறு தவிர்ந்த நாட்களில் காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் போனால் பெண்கள் நண்டு கழற்றுவதைப் பார்க்கலாம். படம் எடுக்க முதல் கேளுங்கள். அவர்களோடு கதைக்க விரும்பினால் பக்கத்தில் குந்தி, வலையைப் பற்றிக் கேளுங்கள், நேரம் போவதே தெரியாது.

நானும் திங்கட்கிழமை காலை அப்படித்தான் கேட்டேன். யசிந்தா தன் புது இடத்தில் படகைக் கட்டிக்கொண்டு நின்றாள், கூடை நிறைய நண்டு. "எங்கே விட்டாய் வலையை?" என்றேன். சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். சூசையண்ணை இரண்டு படகுக்கு அப்பால் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"அதை மட்டும் கேளாதேங்கோ, அக்கா" என்றாள்.