எந்தப் பக்கம்?

என் கணவர் இருந்த ஐ.சி.யூ.வில் குப்பைத்தொட்டி மூடி ‘டங்’கென்று விழாமல் கையால் பிடித்துச் சாத்தியவர் ஓர் ஆண் நர்ஸ் மட்டும்தான். நெடுநெடுவென்று ஒல்லியாக இருப்பார். ஊருக்கு வெளியே சந்தாபுராவிலிருந்து பைக்கில் இரவு டியூட்டிக்கு வருவார்.

என் கணவர் அங்கே மூன்று இரவுகள் தூங்கவில்லை. நான்காம் நாள் மாலை அந்த நர்ஸ் ஒரு தாளோடு என்னிடம் வந்தார்.

“ஆன்ட்டி, மாத்திரை இல்லாமயே சாரைத் தூங்க வைக்கப் பாக்குறோம். லைட்டைக் குறைச்சிடுவேன், ரத்தம் எடுக்கிறதெல்லாம் முன்னாடியே முடிச்சிடுவேன். வீட்ல சார் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாரு?”

நாங்கள் தனித்தனி அறையில் படுக்கத் தொடங்கிப் பன்னிரண்டு வருடமாகிறது. சண்டையெல்லாம் இல்லை. அவருடைய குறட்டையில் ஆரம்பித்தது, அப்படியே பழகிவிட்டது. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

“இடது பக்கம்” என்றேன். எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை, வீட்டுக்குக் கிளம்பும் முன் என்னைத் தேடி வந்தார். “இடது பக்கம் ஒத்து வரல ஆன்ட்டி. வலது பக்கம் திருப்பி, முதுகுக்கு ஒரு தலகாணி வச்சேன். கன்னத்துக்கு அடியில கையை வச்சுக்கிட்டு நாலு மணி நேரம் தூங்கினாரு.”

தாளில் இடதை அடித்து வலது என்று எழுதினார். முகத்தில் கேள்வி எதுவும் இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

கணவர் வீடு திரும்பிய இரவு, அவர் அறையை எட்டிப் பார்த்தேன். வலது பக்கம்தான். முதுகுக்கு ஒரு தலையணை வைத்துவிட்டு, கதவைக் கையால் பிடித்துச் சத்தமில்லாமல் சாத்தினேன்.

என் அறையில் வந்து படுத்த பிறகுதான் தோன்றியது. ஐ.சி.யூ.வில் கிடந்தது நானாக இருந்து, அந்த நர்ஸ் தாளோடு இவரிடம் வந்து நின்றிருந்தால், இவரும் ஏதோ ஒரு பக்கத்தைச் சொல்லியிருப்பார்.